ரோமம் வெட்டிய குதிரையைக் குளிர்காலம் முழுக்க வெளியில் வைத்திருப்பது எப்படி?

என் முதல் குளிர்காலத் தவறு ஒரே பிற்பகலில் நடந்து முடிந்தது. கால்களையும் சேணம் படும் இடத்தையும் தலையையும் மட்டும் விட்டுவிட்டு, குதிரையின் உடம்பில் இருந்த ரோமம் மொத்தத்தையும் வழித்துவிட்டேன். பார்க்க அழகாகத்தான் இருந்தது, பட்டுத் துணி போல. அதற்கான வட்டியை ஐந்து மாதம் கட்டினேன். காயாத போர்வைகள், இரவு பத்து மணிக்கு டார்ச் விளக்குடன் மேய்ச்சல் நிலம், நாளுக்கு நாள் எண்ணக்கூடியதாகிக்கொண்டே வந்த விலா எலும்புகள். அந்த வெட்டு லாயத்தில் நிற்கும் குதிரைகளுக்கானது. என் குதிரை இரவு பகலாக வெளியில் நின்றது.

வெளியில் வாழும் குதிரைக்கு ரோமமே வெட்டக்கூடாது என்று நான் சொல்லவில்லை. வெட்டலாம், நன்றாகவே இருக்கும். வியர்க்கும் இடத்தை மட்டும் வெட்டுங்கள், ஒரு விரற்கடைகூட அதிகம் வேண்டாம். கீழே எழுதியிருப்பதெல்லாம் இந்த ஒன்றிலிருந்து கிளைப்பதுதான். மாதங்களை வட அரைக்கோளக் கணக்கில் சொல்கிறேன். தெற்கே இருப்பவர்கள் ஆறு மாதம் தள்ளிக்கொள்ளுங்கள்.

1. வெட்டத்தான் வேண்டுமா?

பெரும்பாலான குதிரைகளுக்கு ரோமம் வெட்ட ஒரே நியாயமான காரணம் வியர்வை. அடர்ந்த குளிர்கால ரோமத்துடன் கடுமையாக வேலை செய்யும் குதிரை தொப்பலாக நனைகிறது. அந்த ரோமம் குளிரில் காய மணிக்கணக்காகும். குதிரைக்குக் கதகதப்பைத் தருவது ரோமங்களுக்கு இடையே சிக்கியிருக்கும் காற்றுதான். நனைந்து படிந்த ரோமத்தில் அந்தக் காற்று இருக்காது. அதனால் வேலை முடிந்து நிற்கும் நேரத்தில்தான் அது குளிரில் மாட்டிக்கொள்கிறது.

உங்களுக்குச் சந்தேகம் இருந்தால் இரண்டு வாரம் கவனித்துப் பாருங்கள். வழக்கமான சவாரி முடிந்ததும் எந்தெந்த இடம் நனைந்திருக்கிறது, எவ்வளவு நேரத்தில் காய்கிறது என்று குறித்து வையுங்கள். அரை மணி நேரத்தில் காய்ந்துவிட்டால் வெட்ட வேண்டியதில்லை. வாரத்துக்கு இரண்டு நாள் நிதானமாக நடக்க மட்டுமே சேணம் போடுகிறவர் என்றால், கிளிப்பருக்கு, அதாவது ரோமம் வெட்டும் கருவிக்கு, ஒதுக்கிய பணத்தில் நல்ல உலர்புல் வாங்குங்கள்.

இரண்டு எண்களை மனதில் வைத்துக்கொள்ளுங்கள். முழுக் குளிர்கால ரோமம் வளர்ந்து, குளிருக்குப் பழகிவிட்ட ஆரோக்கியமான குதிரை, காற்றும் மழையும் இல்லாத நிலையில் ஏறத்தாழ மைனஸ் 15 டிகிரி செல்சியஸ் வரை கூடுதல் சக்தி செலவழிக்காமல் சமாளிக்கும். ரோமம் வெட்டிய குதிரைக்கு அந்த எல்லை சுமார் 5 டிகிரி. எல்லைக்குக் கீழே இறங்கும் ஒவ்வொரு டிகிரிக்கும் உணவிலிருந்து கிடைக்கும் சக்தி சுமார் இரண்டரை சதவீதம் கூடுதலாகத் தேவைப்படுகிறது. மொத்தமாக வெட்டிய குதிரை போர்வையில்லாமல் மைனஸ் 5 டிகிரியில் நின்றால், உடம்பைச் சூடாக வைத்திருக்கவே கால் பங்கு தீவனம் கூடுதலாக வேண்டியிருக்கும். மழையும் காற்றும் சேர்ந்தால் இந்தக் கணக்கும் போதாது.

மெலிந்த குதிரை, மிக வயதான குதிரை, ஒதுங்க இடமில்லாத நிலத்தில் நிற்கும் குதிரை ஆகியவற்றை விட்டுவிடுங்கள். ஒரு விதிவிலக்கு உண்டு. குஷிங் என்ற ஹார்மோன் நோய் உள்ள முதிய குதிரைகளுக்கு ரோமம் உதிராமல் நீண்டு சுருண்டு கிடக்கும். அவற்றுக்கு வெட்டுவதே நிம்மதி. அதைக் கால்நடை மருத்துவருடன் பேசித் திட்டமிடுங்கள்.

கடைசிக் கேள்வி உங்களைப் பற்றியது. நவம்பர் முதல் மார்ச் வரை, நாளுக்கு இரண்டு முறை, உங்களுக்குக் காய்ச்சல் வந்தாலும், குதிரையிடம் போக நீங்களோ உங்கள் சார்பில் வேறொருவரோ இருக்கிறீர்களா? பதில் உறுதியாக வரவில்லை என்றால் கிளிப்பரைத் தொடாதீர்கள்.

2. காகிதங்கள்

இதை யாரும் எனக்குச் சொல்லவில்லை. குதிரை விஷயத்தில் காகிதம் எதற்கு என்று நானும் அலட்சியமாக இருந்தேன்.

முதலில் நிலத்துக்காரருடனோ பராமரிப்பகத்துடனோ போட்ட ஒப்பந்தத்தை எடுத்து மறுபடியும் படியுங்கள். என்னுடையதில் "தினசரி கவனிப்பு" என்று ஒரு வரி இருந்தது. குதிரை நிற்கிறதா, விழுந்து கிடக்கிறதா என்று வேலிக்கு வெளியிலிருந்து பார்ப்பதுதான் அந்தக் கவனிப்பு என்பது முதல் கடுங்குளிர் நாளில்தான் தெரிந்தது. போர்வை மாற்றுவது, தண்ணீர்த் தொட்டியில் பனிக்கட்டியை உடைப்பது, உலர்புல் போடுவது ஒவ்வொன்றும் யார் பொறுப்பு, ஒருமுறைக்கு எவ்வளவு என்பதைத் தனித்தனி வரிகளாக எழுதி வாங்குங்கள். நிலம் குளிர்காலம் முழுவதும் திறந்திருக்குமா என்றும் கேளுங்கள். மண் சேறாகிவிட்டால் மேய்ச்சல் நிலத்தை மூடிவிடும் உரிமையைப் பல உரிமையாளர்கள் கையில் வைத்திருக்கிறார்கள். ஜனவரியில் "நாளை முதல் வேறு இடம் பாருங்கள்" என்று சொன்னால், வெட்டிய குதிரையுடன் எங்கே போவீர்கள்?

அடுத்தது காப்பீடு. வெளியிலேயே வாழும் குதிரைக்கும், மயக்கமருந்து கொடுத்து ரோமம் வெட்டும்போது ஏற்படும் காயத்துக்கும், வேலி தாண்டிச் சாலைக்குப் போய்ப் பிறருக்கு விளைவிக்கும் சேதத்துக்கும் பாதுகாப்பு உண்டா என்று மூன்று கேள்விகளையும் எழுத்தில் கேட்டு, எழுத்தில் பதில் வாங்குங்கள். தொலைபேசியில் கிடைக்கும் "ஆமாம், உண்டு" என்பதற்கு மதிப்பில்லை.

தடுப்பூசி அட்டையில் டெட்டனஸ் ஊசியின் தேதியைப் பாருங்கள். கிளிப்பர் தோலைக் கீறுவது சகஜம். சேற்றில் நிற்கும் குதிரைக்குச் சிறு கீறலும் போதும். காலாவதியாகப் போகிறது என்றால் வெட்டுவதற்கு முன்பே போட்டுவிடுங்கள்.

கடைசியாக ஒரு தாள். மருத்துவர் எண், உங்கள் எண், நீங்கள் கிடைக்காவிட்டால் முடிவெடுக்கக்கூடியவர் எண், எந்த வெப்பநிலைக்கு எந்தப் போர்வை என்ற பட்டியல் ஆகியவற்றை எழுதி, பிளாஸ்டிக் உறையிட்டுக் கொட்டகைக் கதவில் மாட்டுங்கள். போர்வைகளை நிறத்தைச் சொல்லிக் குறிப்பிடுங்கள். "நடுத்தரப் போர்வை" என்று எழுதியிருந்ததைப் பார்த்து ஒருவர் உள்ளதிலேயே கனமானதைப் போட்டார். மறுநாள் காலை குதிரை வியர்வையில் ஊறியிருந்தது. தவறு அவருடையது என்று சொல்ல முடியாது. என்னிடம் இருந்த மூன்றுமே கருநீலம்.

3. எப்போது?

குளிர்கால ரோமத்தை வளரச் செய்வது குளிர் என்று பலரும் நினைக்கிறார்கள். அதை முடுக்குவது பகல் வெளிச்சத்தின் நீளம். பகல் குறையத் தொடங்கியதுமே உடம்பு தயாராகிறது. செப்டம்பரில் கண்ணுக்குத் தெரியும். அவசரப்பட்டு அப்போதே வெட்டினால் சில வாரங்களில் மறுபடியும் முளைத்து நிற்கும், கூலி வீண். ரோமம் முழுதாக வளர்ந்து நிற்கும் அக்டோபர் பிற்பகுதிதான் முதல் வெட்டுக்கு ஏற்றது.

வெட்டிய இடம் நான்கு முதல் ஆறு வாரத்தில் திரும்ப வளரும். வெளியில் நிற்கும் குதிரைக்கு இரண்டாவது வெட்டு தேவைப்பட்டால் டிசம்பர் நடுவில் வைத்துக்கொள்ளுங்கள். ஜனவரி முடிந்த பிறகு வேண்டாம். பகல் நீளத் தொடங்கியதும் கோடை ரோமம் அடியிலிருந்து கிளம்பிவிடும்; அப்போது வெட்டினால் அதன் நுனியையும் சேர்த்து வெட்டுவீர்கள், கோடை முழுவதும் குதிரை மங்கலாகத் தெரியும்.

கூலிக்கு வெட்டுபவரைச் செப்டம்பரிலேயே பதிவு செய்யுங்கள். அக்டோபரில் அழைத்தால் அவர் நாட்குறிப்பு நிரம்பியிருக்கும். போர்வைகளையும் அதற்கு முன்பே வாங்கிவிடுங்கள். தாகம் எடுத்த பிறகு கிணறு தோண்டிய கதை என்னுடையது. பொதுவான அளவுகள் தீர்ந்து, என் குதிரைக்கு ஓர் அளவு பெரியதுதான் மிச்சமிருந்தது. அது தோளை உரசி உரசி, டிசம்பருக்குள் இரண்டு பக்கமும் முடி கொட்டிய வட்டங்கள் விழுந்துவிட்டன.

நாளைத் தேர்ந்தெடுக்கும்போது வானிலை அறிவிப்பைப் பாருங்கள். வெட்டும் நாள் மட்டுமல்ல, அதற்கடுத்த மூன்று நாட்களும் மழையில்லாமல் இருந்தால் உத்தமம்.

4. எந்த வெட்டு?

பெயர்கள் நிறைய உண்டு. உங்களுக்கு வேண்டியவை மூன்றுதான்.

பிப் கிளிப்: கழுத்தின் முன்பக்கமும் மார்பும் மட்டும். சில நேரம் வயிற்றின் அடிப்பகுதியையும் சேர்ப்பார்கள். வெளியில் வாழ்ந்து, வாரத்துக்கு மூன்று நான்கு நாள் மிதமாக வேலை செய்யும் குதிரைக்கு இது பெரும்பாலும் போதும். முதல்முறை செய்பவர்கள் இதிலிருந்து தொடங்குங்கள். இன்னும் வெட்ட வேண்டும் என்று தோன்றினால் அடுத்த வாரமும் வெட்டலாம். வெட்டியதை ஒட்டவைக்க முடியாது.

தாழ்ந்த டிரேஸ் கிளிப்: கழுத்தின் கீழ்ப்பகுதி, மார்பு, வயிறு, தொடையின் ஒரு பட்டை. முதுகும் இடுப்பும் கழுத்தின் மேல்பக்கமும் முழு ரோமத்துடன் இருக்கும். மழை வந்து விழும் இடங்கள் அவைதாம் என்பதால் இந்த வெட்டு வெளிக் குதிரைக்குப் பொருத்தமானது. கோட்டை எவ்வளவு மேலே வைப்பது என்பது உங்கள் கையில். சேணத் துணியின் கீழ்விளிம்பைத் தாண்டவேண்டாம்.

ஐரிஷ் கிளிப்: காதுக்குப் பின்னாலிருந்து வயிறு வரை சாய்வாக ஒரு கோடு, அதற்கு முன்னால் உள்ளதெல்லாம் போகும். எளிதான வெட்டு, நேர்க்கோடு போடத் தெரிந்தால் போதும். ஆனால் கழுத்தின் பெரும்பகுதி வெறுமையாகிவிடும். கழுத்து மூடிய போர்வை இல்லாமல் இதை யோசிக்காதீர்கள்.

பிளாங்கெட், ஹன்டர், ஃபுல் என்ற பெயர்களைக் கேட்டால் லாயத்தில் இரவு தங்கும் குதிரைகளுக்கு என்று எடுத்துக்கொண்டு நகர்ந்துவிடுங்கள்.

எந்த வெட்டானாலும் கால் ரோமத்தை விட்டுவையுங்கள். சேற்றுக்கும் தோலுக்கும் இடையே இருக்கும் ஒரே காப்பு அதுதான். காதின் உட்புற முடியையும் மூக்கு, கண் சுற்றியுள்ள உணர்முடிகளையும் தொடவே வேண்டாம். இருட்டில் குதிரை தன் முகத்துக்கு அருகில் இருப்பதை அறிவது அந்த முடிகளால். சர்வதேசக் குதிரையேற்றச் சம்மேளனம் 2021 முதல் உணர்முடி வெட்டப்பட்ட குதிரைகளைத் தன் போட்டிகளில் அனுமதிப்பதில்லை. சில நாடுகளில் சட்டமே தடுக்கிறது.

5. செலவு எங்கே போகிறது?

விலைகளைச் சொல்லப் போவதில்லை. இடத்துக்கு இடம் மாறும். விகிதம் மாறாது. புதியவர்கள் வெட்டும் கூலியை மட்டும் கணக்கில் எடுத்துக்கொண்டு ஏமாறுகிறார்கள். மொத்தத்தில் மிகச் சிறிய தொகை அது. பெரிய தொகை போர்வைகளுக்கு, அதற்கடுத்தது கூடுதல் உலர்புல்லுக்கு, மூன்றாவது நீங்கள் போக முடியாத நாட்களில் மாற்று ஆளுக்கு. போர்வையைத் துவைத்து, கிழிசல் தைத்து, நீர்புகா மருந்து ஏற்றும் செலவு வசந்தத்தில் தனியாக வந்து நிற்கும்.

சொந்தமாகக் கிளிப்பர் வாங்கலாமா? ஒரு குதிரை, ஆண்டுக்கு இரண்டு வெட்டு என்றால் வாங்காதீர்கள். மூன்று நான்கு குதிரைகள் இருந்தால் யோசிக்கலாம். வாங்கினால் இரண்டு ஜோடி பிளேடுகள் வேண்டும்; பாதி வெட்டில் மழுங்கும் பிளேடு பாதி வெட்டிய குதிரையை உங்களிடம் விட்டுவிடும். கரடு பிளேடு ரோமத்தைச் சற்று நீளமாக விடும். வெளிக் குதிரைக்கு அதையே கேளுங்கள்.

6. போர்வை வாங்குவது

இங்கே நிதானமாகப் படியுங்கள், பணமும் குதிரையின் தோலும் இரண்டும் போவது இங்கேதான்.

வெளியில் போடும் போர்வையின் அட்டையில் இரண்டு எண்கள் இருக்கும். ஒன்று டெனியர்: மேல்துணி நூலின் தடிமன். 600 என்பது தனியாக நிற்கும் சாதுவான குதிரைக்கு. 1200 அல்லது 1680 என்பது வேலியில் உரசும், கூட்டாளிகளுடன் கடித்து விளையாடும் குதிரைக்கு. இன்னொன்று கிராம்: ஒரு சதுர மீட்டரில் எவ்வளவு பஞ்சு அடைத்திருக்கிறது என்பது. 0 என்றால் மழைக்கோட்டு மட்டும், 200 நடுத்தரம், 300 முதல் 400 வரை கனம். டெனியர் கூடினால் கதகதப்பு கூடும் என்று நினைத்து, முதல் ஆண்டு 1680 டெனியர், 0 கிராம் போர்வையைப் பெருமையாக வாங்கி வந்தேன். கிழியவே இல்லை. குதிரை நடுங்கியது.

தேவைப்படுவது: ஒரு 0 கிராம், இரண்டு 200 கிராம், ஒரு 300 கிராம். 200 ஏன் இரண்டு? அதிக நாள் போடப்போவது அதைத்தான். நனைந்து ஊறிய போர்வை காய ஒன்றிரண்டு நாள் ஆகும். மாற்றுப் போர்வை இல்லாமல் ரோமம் வெட்டுவதுதான் இந்த விஷயத்திலேயே மிகப் பெரிய பொறி. உட்துணிகளை மாட்டிக் கழற்றும் வகைப் போர்வைகளும் உண்டு. வசதியானவை, ஆனால் மேல்துணி ஒன்றுதான் என்பதை மறந்துவிடாதீர்கள், அது கிழிந்தால் எல்லாம் நின்றுவிடும். முதுகின் நடுவே தையல் ஓடாத போர்வையைத் தேர்ந்தெடுங்கள். தண்ணீர் முதலில் நுழைவது அந்தத் தையல் வழியாகத்தான்.

அளவெடுக்க இருவர் வேண்டும். குதிரையைச் சமதரையில் நேராக நிறுத்தி, மார்பின் நடுவிலிருந்து தோளின் புடைப்பைச் சுற்றிப் பிட்டத்தின் பின்விளிம்பு வரை அளவுநாடாவைக் கிடைமட்டமாக ஓட்டுங்கள். போட்டுப் பார்க்கும்போது கவனிக்க வேண்டியவை: கழுத்துவிளிம்பு முதுகு மேட்டுக்கு (கழுத்தும் முதுகும் சேரும் இடத்தில் உள்ள புடைப்பு) முன்னால் உட்கார வேண்டும், அதன் மேல் அல்ல, மார்புப் பூட்டைப் போட்டபின் ஒரு கை நுழைய வேண்டும், குதிரை தலையைத் தரைக்குக் குனிந்து மேயும்போது மார்பு இறுகக்கூடாது. கடையில் நிமிர்ந்து நிற்கும் குதிரையின் மேல் எல்லாப் போர்வையும் பொருந்தும். குனியவைத்துப் பாருங்கள். வயிற்றுப் பட்டைகள் ஒன்றையொன்று குறுக்கே வெட்டிச் செல்ல வேண்டும், வயிற்றுக்கும் பட்டைக்கும் இடையே ஒரு கையகலம். பின்கால் பட்டைகளை ஒன்றுக்குள் ஒன்று கோத்துப் போடுங்கள். அப்போது தொடையை உரசாது.

பூட்டும் வரிசையும் முக்கியம். போடும்போது மார்பு, வயிறு, பின்கால். கழற்றும்போது பின்கால், வயிறு, கடைசியாக மார்பு. மார்பு திறந்திருக்கப் பின்கால் பட்டை மட்டும் பூட்டியிருந்தால், குதிரை மிரண்டு கிளம்பும்போது போர்வை பின்னால் வழுகிக் கால்களில் சுற்றிக்கொள்ளும். ஒருமுறை பார்த்துவிட்டேன், மறுமுறை பார்க்க மனமில்லை.

வெட்டுவதற்கு ஒரு வாரம் முன்பே போர்வையை அணிவித்துப் பழக்குங்கள். காற்றில் படபடக்கும் துணி இளம் குதிரைக்குப் பேய் மாதிரி.

7. வெட்டும் நாள்

முந்தைய நாளே குளிப்பாட்டி நன்றாகக் காயவிடுங்கள். அழுக்கு பிளேடை மழுங்கடிக்கும், ஈரம் ரோமத்தை இழுக்கும். இடம் வெளிச்சமாகவும் தரை வழுக்காமலும் இருக்கட்டும். மின்கம்பியில் ஓடும் கிளிப்பர் என்றால் மின்கசிவுத் தடுப்பான் கட்டாயம், உங்களுக்கு ரப்பர் அடி வைத்த காலணியும். கோடுகளைச் சாக்பீஸால் இரண்டு பக்கமும் வரைந்து, எட்டு அடி தள்ளி நின்று ஒப்பிட்டுப் பாருங்கள். குதிரை ஒரு காலைத் தளர்த்தி நிற்கும்போது வரைந்தால் கோடு ஏறுக்குமாறாக வரும்.

தோளிலிருந்து தொடங்குங்கள். ரோமம் படியும் திசைக்கு எதிராக, நீளமாக, ஒவ்வொரு ஓட்டமும் முந்தையதன் மேல் சற்றே ஏறும்படி. முழங்கைக்குப் பின்னாலும் தொடை மடிப்பிலும் தோலை இன்னொரு கையால் இழுத்துப் பிடித்துக்கொள்ளுங்கள். கீறல்கள் விழுவது அங்கேதான். சில நிமிடத்துக்கு ஒருமுறை பிளேடை உங்கள் மணிக்கட்டின் உட்புறத்தில் வைத்துப் பாருங்கள். உங்களுக்குச் சுட்டால் குதிரைக்கும் சுடும். எண்ணெய் விட்டு ஆறவையுங்கள்.

குதிரை தாங்கவில்லை என்றால் அன்றைக்கு நிறுத்துங்கள். மயக்கமருந்து வேண்டுமென்றால் கால்நடை மருத்துவரை அழையுங்கள், தெரிந்தவர் கொடுத்த மருந்தை வைத்து முயற்சி செய்யாதீர்கள். மயங்கி நிற்கும் குதிரையும் உதைக்கும். சிலவற்றுக்கு அந்த மருந்தால் வியர்த்துக் கொட்டி வெட்டே நின்றுபோகும். முழுதாகத் தெளியும்வரை உலர்புல் கொடுக்கவும் கூடாது, தொண்டையில் அடைத்துக்கொள்ளும். அன்று மாலையே நிலத்தில் விட்டுவிடலாம் என்று எண்ணி நேரம் ஒதுக்காதீர்கள், அரை நாள் அதிகம் வைத்துக்கொள்ளுங்கள்.

முடிந்ததும் வெந்நீரில் நனைத்துப் பிழிந்த துண்டால் துடைத்து, ஈரம் காய்ந்தவுடன் போர்வையைப் போடுங்கள்.

8. அன்றாடம்

எந்தக் குளிருக்கு எந்தப் போர்வை? தாழ்ந்த டிரேஸ் வெட்டுடன் நல்ல உடல்நிலையில் இருக்கும் என் குதிரைக்கு இப்படி வைத்துக்கொள்கிறேன்: 10 டிகிரிக்கு மேல், மழையில்லை என்றால் ஒன்றும் வேண்டாம்; மழை என்றால் 0 கிராம். 5 முதல் 10 வரை 0 கிராம், காற்று பலமாக இருந்தால் 200. 5-க்குக் கீழே 200. மைனஸ் 5-க்குக் கீழே 300. உங்கள் குதிரைக்கு இது மாறும். கையைப் போர்வைக்குள் விட்டு, முதுகு மேட்டுக்குப் பின்னாலும் தோளிலும் தொட்டுப் பாருங்கள். உலர்ந்த இளஞ்சூடு இருந்தால் சரி. பிசுபிசுப்பு இருந்தால் போர்வை அதிகம். சில்லென்று இருந்தால் குறைவு. காது குளிர்ந்திருப்பதை மட்டும் வைத்து முடிவு செய்யாதீர்கள். உங்களுக்குக் குளிர்கிறது என்பதற்காக ஒரு போர்வையைக் கூட்டிவிடும் ஆசையையும் அடக்குங்கள். புதியவர்கள் செய்யும் தவறுகளில் பாதி குறைவாகப் போடுவது அல்ல, அதிகமாகப் போடுவது.

தினம் ஒருமுறை போர்வையை முழுதாகக் கழற்றுங்கள். மேலே இருந்து பார்த்தால் ஒன்றும் தெரியாது. உடல் மெலிவு, பேன், தோல் புண், போர்வை உரசிய காயம் எல்லாம் அடியில்தான் வளரும். விலாவைக் கண்ணால் பார்க்காமல் விரல்களால் தடவிப் பாருங்கள், வாரம் ஒருமுறை குறித்து வையுங்கள். குதிரை மெலிவதைத் தினமும் பார்ப்பவர்களுக்குத் தெரியாது. எனக்கும் ஒரு மாதம் கழித்து வந்த நண்பர் சொல்லித்தான் தெரிந்தது.

உணவில் முதலிடம் உலர்புல்லுக்கு. 500 கிலோ குதிரைக்கு நாளுக்குச் சுமார் 10 கிலோ, குளிர் கடுமையானால் அதற்கும் மேல். தானியத்தை அள்ளிக் கொட்டினால் சூடாகும் என்பது பரவலான நம்பிக்கை. நார்ச்சத்து பெருங்குடலில் நொதிக்கும்போது வரும் வெப்பம்தான் குதிரையின் உள்அடுப்பு. தானியம் அந்த அளவு வெப்பம் தராது. கடுங்குளிர் இரவுக்கு முன் மாலையில் கூடுதலாகப் போடுங்கள். பல குதிரைகள் இருந்தால், குதிரைகளைவிட ஒரு குவியல் அதிகமாக, தள்ளித்தள்ளி வையுங்கள். உலர்புல்லைக் கையால் மதிப்பிடாமல் தொங்கு தராசில் நிறுத்துப் பாருங்கள். நான் 10 கிலோ என்று நினைத்துப் போட்டது ஆறரை.

தண்ணீர் 25 முதல் 40 லிட்டர் வரை போகும். உறையும் நிலையில் உள்ள தண்ணீரைக் குதிரை குறைவாகவே குடிக்கும். உலர்புல் அதிகம், தண்ணீர் குறைவு என்றால் குடல் அடைத்து, கோலிக் எனப்படும் வயிற்றுவலி வரும். காலையும் மாலையும் பனிக்கட்டியை உடைத்து வெளியே எடுத்துப் போடுங்கள், முடிந்தால் ஒரு வாளி வெதுவெதுப்பான தண்ணீரைக் காட்டுங்கள். பனியைத் தின்று சமாளிக்கும் என்று விட்டுவிடாதீர்கள்.

ஒதுங்க ஓர் இடம் வேண்டும்: மூன்று பக்கச் சுவர் உள்ள கொட்டகை, திறந்த பக்கம் வழக்கமாகக் காற்று வரும் திசைக்கு எதிர்ப்புறம். அடர்ந்த உயிர்வேலியும் பாதி வேலையைச் செய்யும். வாயில் கதவைச் சுற்றியும் தீவனம் போடும் இடத்திலும் சரளைக்கல் கொட்டிவிடுங்கள்; கணுக்கால் மடிப்பில் வரும் சேற்றுப்புண் தொடங்குவது அங்கே நிற்கும் நேரத்தில்தான். சேற்றைத் தினமும் கழுவித் தேய்த்தால் ஈரம் தங்கிப் புண் அதிகமாகும். காயவிட்டுத் துலக்குங்கள்.

மின்வேலி வைத்திருப்பவர்களுக்கு ஒரு வார்த்தை. போர்வை மின் அதிர்ச்சியைத் தடுத்துவிடுகிறது. அதைக் கண்டுபிடித்த குதிரை மார்பால் வேலியைத் தள்ளிக்கொண்டு பக்கத்து நிலத்துக்குப் போகும். என்னுடையது நான்கே நாளில் கண்டுபிடித்தது. கம்பியைத் தலை உயரத்திலும் ஒன்று ஓட்டுங்கள்.

சவாரிக்குப் பின் வியர்வையுடன் அப்படியே போர்வையைப் போடாதீர்கள். கடைசிப் பத்து நிமிடம் நடக்கவைத்து, ஈரம் உறிஞ்சும் ஃபிளீஸ் துணியைப் போட்டு, காய்ந்த பிறகு வெளிப்போர்வைக்கு மாற்றுங்கள். இதற்கு அரை மணி நேரம் பிடிக்கும். டிசம்பரில் அந்த அரை மணி இருட்டில்தான் கிடைக்கும். தலையில் மாட்டும் விளக்கு ஒன்றும், அதற்கு மாற்று பேட்டரியும் வாங்கிவிடுங்கள்.

9. மருத்துவரை அழைக்க வேண்டிய நேரம்

காய்ந்த போர்வை போட்டு, உலர்புல் கொடுத்தும் அரை மணி நேரத்துக்கு மேல் நடுக்கம் நிற்கவில்லை. தீவனத்தைத் திரும்பிப் பார்க்கவில்லை. சாணம் வழக்கத்தைவிடக் குறைந்து உலர்ந்திருக்கிறது. கால் வீங்கிச் சூடாக இருக்கிறது. முன்கால்களை முன்னே நீட்டிப் பின்னால் சாய்ந்து நிற்கிறது. இவற்றில் எது இருந்தாலும் விடியட்டும் என்று காத்திருக்காதீர்கள்.

10. வசந்தத்தில் கழற்றுவது

மார்ச்சில் பகல் வெயிலும் இரவு உறைபனியும் மாறிமாறி வரும். ஒரே நாளில் எல்லாவற்றையும் கழற்றாமல் 200-லிருந்து 0-க்கும், பிறகு பகலில் மட்டும் வெறும் முதுகுக்கும் இறங்குங்கள். இந்த வாரங்களில்தான் அதிகப் போர்வையில் குதிரைகள் வியர்க்கின்றன. உறைபனி விழுந்து வெயில் ஏறும் காலைகளில் புல்லில் சர்க்கரைச் சத்து மிகும். குளம்பு அழற்சி வந்த வரலாறு உள்ள குதிரையை அந்த நேரத்தில் மேயவிடாதீர்கள்.

போர்வைகளைச் சேற்றுடன் மூட்டை கட்டி வைக்க வேண்டாம். காய்ந்த சேற்றைத் துலக்கி, குளிர்ந்த நீரில் போர்வைக்கென்று விற்கும் சோப்பால் துவையுங்கள்; துணி துவைக்கும் சாதாரண டிடர்ஜென்ட் நீர்புகாப் பூச்சைக் கெடுத்துவிடும். கிழிசல்களைச் சாக்பீஸால் வட்டமிட்டு, ஏப்ரலிலேயே தைக்க அனுப்புங்கள். செப்டம்பரில் கொண்டுபோனால் முதல் குளிர் வந்த பிறகுதான் திரும்ப வரும். வரும்போது பட்டைகளின் எண்ணிக்கையை அங்கேயே நின்று சரிபாருங்கள். எனக்கு ஒருமுறை இரண்டு போர்வைகளுக்கும் சேர்த்து மூன்றே பின்கால் பட்டைகள்தான் வந்தன.